தீவும் காவலும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தைவிட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நமக்குத் தொலைவு என்பது யாதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஊரில் ஒரு துன்பம் நேர்ந்தால் செய்தி வந்து சேர எத்தனை நாழிகை, நாம் போய்ச் சேர எத்தனை நாள் என்று கணக்கிட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கையே ஒரு நாட்டின் அளவில் போட்டுப் பார்த்தால், கடல் நடுவே கிடக்கும் சிறு தீவுகளின் பாதுகாப்பு எத்தகையது என்பது விளங்கிவிடும். வருவது பகைவனாயினும் புயலாயினும் கேள்விகள் இரண்டே: செய்தி உரிய நேரத்தில் கிடைக்குமா? உதவி உரிய நேரத்தில் வந்து சேருமா?

இக்கேள்விகளை ஆராய்வதற்கு நாம் வாழும் இடக்கொச்சி தக்கதோர் இடமாகும். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே காயலோரத்தில் அமைந்த இவ்வூருக்கு வடக்கே வில்லிங்டன் தீவு உள்ளது. காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணைக் கொண்டு ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலாளர் 1920-களிலும் 1930-களிலும் உருவாக்கிய தீவு அது. இலட்சத்தீவுக்குச் செல்லும் பயணிக் கப்பல்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. தென்பிராந்தியக் கடற்படைத் தலைமையகமும் கொச்சியிலேயே இருக்கிறது. எனவே இலட்சத்தீவுக்குக் கொச்சியே வாயில் எனலாம்.

கேரளக் கரையிலிருந்து 200 முதல் 440 கிலோமீட்டர் தொலைவுவரை பரந்து கிடப்பவை இத்தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை பத்து. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டரே ஆகும். 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 64,000-க்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். பவளப்பூச்சிகள் கட்டிய நிலமாதலின் அங்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. கடல்மட்டத்திற்கு மேல் சில மீட்டர் உயரமே உண்டு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும். அதுவே கிணற்று நீர். கடல் ஒருமுறை தீவின்மேல் ஏறிவிட்டால், அலை திரும்பிச் சென்ற பிறகும் அக்கிணறுகள் உப்புக் கரிக்கும். உயிர் தப்பியவர்கள் தாகத்துக்கு நீரின்றித் தவிக்க நேரும்.

1847-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்திரோத், கல்பேனி ஆகிய தீவுகளைக் கடும்புயல் ஒன்று தாக்கிற்று. கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. மக்கள் பலர் மாண்டனர். அவர்களுக்கு வாழ்வளித்த தென்னைகள் வீழ்ந்தன. தப்பியவருள் பலர் பசிக்கு அஞ்சி மலையாளக் கரைக்குப் பெயர்ந்தனர். அந்நாளில் இத்தீவுகள் கண்ணூரில் இருந்த அறக்கல் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தன. தீவார் திரிக்கும் கயிற்றை அரச குடும்பமே குறித்த விலைக்கு வாங்கி, அதற்கு ஈடாக அரிசி கொடுப்பது வழக்கம். அதாவது, அமைதியான காலத்திலேயே தீவின் சோறு கரையில் இருப்பவரின் கையில் இருந்தது.

புயலுக்குப் பின் அறக்கல் குடும்பத்தால் தீவாரின் துயரை முற்றும் துடைக்க இயலவில்லை. ஆங்கிலக் கும்பினியின் அதிகாரி வில்லியம் ராபின்சன் தீவுகளைப் பார்வையிட வந்தார். நிவாரணத்துக்குக் கும்பினி கடன் கொடுத்ததென்றும், அதன் வட்டி வளர்ந்ததென்றும் தீவு நிருவாகத்தின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. கப்பப் பாக்கியைக் காரணம் காட்டி 1854-இல் நிருவாகம் ஆங்கிலேயரிடம் சென்றது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கொடுக்கப்பெற்று, 1875-இல் மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1908-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் அறக்கல் குடும்பத்தின் உரிமை முற்றும் முடிந்தது. இம்மாற்றத்திற்காகத் தீவில் ஒரு பீரங்கியும் முழங்கவில்லை. புயல் காலத்தில் காக்க முடியாத அரசு, காலப்போக்கில் தீவையே இழந்தது. பேரிடர் நிவாரணமும் நாட்டுப் பாதுகாப்பும் வெவ்வேறு அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அன்று முதல் இத்தீவுகள் சென்னை மாகாணத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களுக்கு உட்பட்டு இருந்தன. 1956 நவம்பர் முதல் நாளில் மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாயின. ஆயினும் தலைமையிடம் கோழிக்கோட்டிலேயே இருந்தது. 1964-இல்தான் அது கவரத்திக்கு மாறிற்று. ஆள்பவர் தீவிலேயே வாழ்ந்து, தீவின் கிணற்று நீரையே குடிக்கத் தொடங்கியது ஒரு பெரிய மாற்றமாகும்.

பகைவரைப் பற்றியும் கூற வேண்டும். நம் வீடுகளில் திறமையும் தந்திரமும் மிக்க ஒருவனை ‘எம்டன்’ என்று சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னையின்மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அக்கப்பல் அடுத்த மாதமே மினிக்காய்த் தீவை ஒட்டிய கடலில் திரிந்து, வணிகக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தது. கொழும்புக்கும் ஏடனுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் மினிக்காயை ஒட்டியே செல்ல வேண்டும். 1885-இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் அவற்றுக்கு வழி காட்டிற்று. அவ்வழியையே எம்டனும் அறிந்திருந்தது.

எம்டனின் முடிவும் ஒரு சிறு தீவிலேயே நேர்ந்தது. 1914 நவம்பர் 9-ஆம் நாள் இந்துமாக்கடலின் கொக்கோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க அதன் வீரர்கள் இறங்கினர். நிலையத்தில் இருந்தவர்களிடம் பீரங்கி ஏதும் இல்லை. அறிமுகமற்ற கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்னும் செய்தியை மட்டும், கம்பம் சாய்வதற்கு முன் கம்பியில்லாத் தந்தி வழியே அனுப்பிவிட்டனர். அருகே சென்றுகொண்டிருந்த ‘சிட்னி’ என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சில மணி நேரத்தில் விரைந்து வந்து எம்டனை அழித்தது. காலத்தில் சென்ற ஒரு செய்தி, ஒரு கோட்டைக்குச் சமமாயிற்று.

செய்தியும் உதவியும் இல்லாத தீவின் கதி என்ன? அதற்கு அந்தமானே சாட்சி. 1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கியபோது அங்கே எதிர்த்து நிற்பார் இல்லை. மூன்றரை ஆண்டுகள் அத்தீவு மக்கள் பட்ட துன்பம் சொல்லுந் தரத்ததன்று. 1944 ஜனவரி 30-ஆம் நாள் ஒற்றர்கள் என்று பழிசுமத்தப்பெற்ற 44 இந்தியர்கள் ஹம்ப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டனர். காவல் படை விலகிச் சென்றபின், எஞ்சி நின்று அடிபட்டவர்கள் குடிமக்களே.

பிற்காலத்தில் அந்தமான் வலுப்பெற்றது. 2001-இல் முப்படைகளையும் ஒன்றிணைத்த நாட்டின் முதற் படைத்தலைமை அங்கு நிறுவப்பெற்றது. ஆயினும் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளத்தைச் சிதைத்தது. படைவீரரும் அவர்தம் குடும்பத்தாரும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காக்க வந்தவர்க்கும் காவல் வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்திற்று. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் தொடங்கப்பெற்றது அத்துயரத்தின் விளைவேயாகும்.

2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் நம்மவரை நேரடியாகத் தொட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் நெடுங்காலமாகக் கொச்சித் துறையிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்பவர்கள். இடக்கொச்சிக்கு அண்மையில் உள்ள தோப்பும்படி மீன்பிடித் துறையில் அவர்கள் பேசும் தமிழை நாம் நாள்தோறும் கேட்கலாம். நவம்பர் 30-ஆம் நாள் புயல் எச்சரிக்கை கரைக்கு எட்டியபோது, அவர்களுள் பலர் சில நாட்களுக்கு முன்பே கடலுக்குள் சென்றுவிட்டிருந்தனர். தமிழகத்திலும் கேரளத்திலும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அப்புயலில் திசை தவறிய படகுகள் பல இலட்சத்தீவுகளில் ஒதுங்கின. தாங்களே புயலில் அடிபட்டிருந்த தீவு மக்கள், வந்தவர்களுக்குச் சோறும் இடமும் அளித்தனர். தீவைக் கரை காக்கும் என்பது நாம் அறிந்தது. கரையாரைத் தீவு காத்ததை அன்று கண்டோம்.

இன்று இலட்சத்தீவின் பாதுகாப்பு முன்னினும் உறுதியானது. கவரத்தியில் 2012-இல் ‘துவீப்ரக்ஷக்’ என்னும் கடற்படைத் தளமும், மினிக்காயில் 2024 மார்ச் 6-ஆம் நாள் ‘ஜடாயு’ என்னும் தளமும் முறையாகத் தொடங்கப்பெற்றன. அபயக்குரல் கேட்டு முதலில் ஓடிவந்த சடாயுவின் பெயரைத் தளத்துக்கு இட்டது பொருத்தமே. 2011-இல் இக்கடற்பகுதிக்கு வந்த சோமாலியக் கடற்கொள்ளையரின் கலத்தைக் கடற்படை அழித்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

இவற்றுக்கு இணையான காவல், குடிநீரும் அரிசியுமே. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் அமைத்த நிலையம், ஆழ்கடலின் குளிர்ந்த நீரைப் பயன்படுத்தி நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுடையது. மினிக்காய்க்கும் அகத்திக்கும் 2011-இல் அத்தகைய நிலையங்கள் கிடைத்தன. மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை தென்மேற்குப் பருவக்காற்றால் சிறு சரக்குக் கலங்கள் கடலில் செல்லமாட்டா. ஆகவே மழைக்கால அரிசியை அதற்கு முன்பே தீவுக் கிடங்குகளில் சேர்த்துவிட வேண்டும். மூட்டைகளை ஏற்றி இறக்கும் கூலியாளும் கணக்கெழுதும் குமாஸ்தாவும் இக்காவலில் பங்குடையவர்களே.

ஆயினும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. 2025 ஜூலையில், மக்கள் வாழும் தீவுகளுள் மிகச் சிறியதான பித்ராவின் நிலத்தைப் பாதுகாப்புத் தேவைக்காக எடுத்துக்கொள்வது குறித்து அறிவிப்பு வெளிவந்தது. 2011-இல் அங்கு வாழ்ந்தவர்கள் 271 பேர். எண்ணிக்கை சிறிதென்பதால் உரிமை சிறிதாகிவிடாது. நாட்டின் பாதுகாப்பு பெரிது என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் இராணுவத் தளத்துக்குக் கண்ணும் செவியுமாக இருப்பவர்கள் அத்தீவின் மீனவர்களே. கடலில் புதிய கலம் ஒன்று தென்பட்டால் முதலில் அறிபவர்களும், புயலில் கவிழ்ந்தவனைத் தூக்கி எடுப்பவர்களும் அவர்களே. அவர்களை அகற்றிவிட்டு நிறுவும் காவல், ஒரு கண்ணைக் குத்திக்கொண்டு மறு கண்ணால் பார்க்க முயல்வது போலாகும். அவர்களைக் கலந்து, அவர்கள் மனம் கொள்ளச் செய்யும் காவலே நிலைக்கும்.

கண்ணூர் அரசுக்கு 1847-ஆம் ஆண்டுப் புயல் வைத்த தேர்வு இன்றும் முடியவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் கடல் அதே கேள்விகளைக் கேட்கிறது. பிறந்த மண்ணைவிட்டு வாழும் நாம், தொலைவில் உள்ளவர்க்குக் கேட்காமலே கிடைக்கும் உதவியின் அருமையை நன்கறிவோம். கொச்சித் துறையிலிருந்து தீவுக் கப்பல் புறப்படும்போதெல்லாம், அதில் செல்வது சரக்கு மட்டுமன்று, ஒரு நாடு தன் கடைக்கோடிக் குடிமகனுக்குக் கொடுத்த வாக்கும் ஆகும் என்பதை உணர்வோமாக.