மூளையைச் சூழ்ந்த நீரும் மூச்சின் கணக்கும்

நாம் உறங்கும்போதும் மூச்சு ஓய்வதில்லை. எப்போது விரைந்து மூச்சுவிட வேண்டும், எப்போது தணிந்து விட வேண்டும் என்பதை உடல் எவ்வாறு அறிகிறது? இவ்வினாவிற்கு விடை தேடிய அறிஞர்கள் முதலில் இரத்தத்தை ஆராய்ந்தனர். இறுதியில், மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்துள்ள தெளிந்த திரவத்தை வந்தடைந்தனர். இரத்தம் காட்டும் கணக்கு வேறு, இத்திரவம் காட்டும் கணக்கு வேறு என்பதே அவர்கள் கண்ட உண்மை.

1764-ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமினிகோ கொட்டுன்யோ, இறந்தோர் உடல்களை ஆராய்ந்து இத்திரவத்தை விவரித்தார். 1891-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குவிங்கெ, இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி, உயிருள்ளோரிடமிருந்தே அதனை எடுக்கும் முறையை வகுத்தார். வளர்ந்த மனிதரிடம் இது ஏறத்தாழ 150 மில்லிலிட்டரே இருக்கும். எனினும் நாள்தோறும் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது.

1905-இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர், மூச்சை ஆள்வது பெரும்பாலும் கரியமில வாயுவே என்று நிறுவினர். நுரையீரலில் அது சிறிதளவு மிகுந்தாலும் மூச்சு விரைவடைந்தது.

இவ்வாயுவைச் சரிவர அளந்தறியாமையின் விளைவை உலகம் 1952-இல் கண்டது. கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, தொடக்கத்தில் சுவாசக் கருவிகளின் உதவியுடன் பேணப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர். அவர்களது இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்ததைக் கண்ட மருத்துவர்கள், காரம் மிகுந்ததாகக் கருதினர். அது வெளியேறாமல் தேங்கிய கரியமில வாயுவின் அடையாளம் என்று பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர் எடுத்துரைத்தார். அதன்பின் நோயாளிகளின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, கையால் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இப்பணியை ஆற்றினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது.

இரத்தத்தின் அமிலநிலையை அளக்கும் ஆர்வம் இதனால் பெருகியது. ஆயினும் மூளை எதைக் கண்டு மூச்சை ஆள்கிறது? பெல்ஜியம் நாட்டு அறிஞர் இசிடோர் லூசன் 1954-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. நாய்களின் மூளை அறைகளில் கரியமில வாயு மிகுந்த திரவத்தைச் செலுத்தியபோது, அவற்றின் மூச்சு மிகுந்தது.

இதன் காரணம் எளிது. கரியமில வாயு இரத்தக் குழாய்ச் சுவரைக் கடந்து, மூளைத் திரவத்துள் விரைவில் புகுந்துவிடும். பைகார்பனேட்டோ மெல்லவே புகும். மேலும், அமிலத்தின் வேகத்தைத் தணிக்கும் புரதங்கள் இரத்தத்தில் நிறைய உண்டு; இத்திரவத்தில் மிகக் குறைவு. ஆகவே வாயு சிறிது மிகுந்தாலும் இங்கே அமிலநிலை எளிதில் மாறும். நலமுள்ளோரின் தமனி இரத்தத்தின் பி.எச். அளவு 7.40, இத்திரவத்திலோ ஏறத்தாழ 7.32.

லே போன்ற உயர்ந்த நகரங்களுக்குச் செல்வோர், அங்கு ஒத்துப்போகச் சில நாட்கள் ஆவதை அறிவர். பிராண வாயு குறைவதால் மூச்சு மிகுகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. திரவம் காரத்தன்மை அடைந்து, மூச்சை மேலும் மிகவிடாமல் தடுக்கிறது. 1963-இல் செவரிங்ஹாஸ் குழுவினர், கலிபோர்னியாவின் ஒயிட் மவுண்டன் மலையில் 3,800 மீட்டர் உயரத்தில் இதனை ஆராய்ந்தனர். சில நாட்களில் திரவத்தின் பைகார்பனேட் குறைந்து, அமிலநிலை பழைய அளவை நெருங்குவதாகக் கண்டனர். அம்மாற்றம் முழுமையன்று என்றும், அதுவொன்றே காரணமன்று என்றும் பின்வந்த ஆய்வுகள் திருத்தின.

மருத்துவத்திற்கு மிகப் பயன்பட்ட பாடம் 1967-இல் கிடைத்தது. இரத்தத்தில் அமிலம் மிகுந்த நோயாளிகளை நியூயார்க்கில் போஸ்னர், பிளம் ஆகியோர் ஆராய்ந்தனர். நோயாளியின் அறிவுத் தெளிவு, இரத்தத்தின் அமிலநிலையைவிட மூளைத் திரவத்தின் அமிலநிலையையே பெரிதும் ஒட்டியிருந்தது. பைகார்பனேட் கொடுத்து இரத்தத்தைச் சீராக்கியபோது, சிலருக்கு மூச்சு தணிந்து, கரியமில வாயு மிகுந்து, மூளைத் திரவத்தில் அமிலம் பெருகியது. இரத்தக் கணக்கு தேறியது, நோயாளியோ தேறவில்லை.

எனவேதான் இத்தகைய நோயில், இரத்தச் சோதனை சீரானதென்று தெரிந்த பின்னும் மருத்துவர் நோயாளியின் மூச்சையும் விழிப்பையும் கவனித்திருக்கிறார். விரைந்து திருத்துவதினும் அளந்து திருத்துவதே நன்று என்பதை அச்சிறு திரவம் கற்பித்தது.