மின்னணுச் சரக்கு அறிக்கை

கப்பலிலோ விமானத்திலோ வரும் சரக்கின் விவரத்தை, அதைச் சுமந்துவரும் நிறுவனமே சுங்கத்துறைக்குக் கணினி வழியாகத் தெரிவிப்பது மின்னணுச் சரக்கு அறிக்கை. துறைமுக வட்டாரத்தில் இதை மேனிஃபெஸ்ட் என்பார்கள். இறக்குமதிக்கு உரியது ஐஜிஎம். அனுப்பியவர், பெறுபவர், பொருள், உருப்படிகளின் எண்ணிக்கை, எடை, கொள்கலன் எண் ஆகியவை இதில் வரிக்கு வரி இருக்கும். சரக்குக்கு உரியவர் தன் பங்குக்குத் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி தனி. அது மேனிஃபெஸ்டில் உள்ள வரியோடு பொருந்தினால்தான் பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியே வரும். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணியில் துறைமுகமும் இல்லை, விமான நிலையமும் இல்லை. ஆனால் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ப் பட்டு வெளிநாட்டுக்குப் போவதானாலும், இந்தியத் தறிகளுக்குச் சீனக் கச்சாப் பட்டு வருவதானாலும் இந்த அறிக்கையைக் கடந்தாக வேண்டும். காகிதம் போய்க் கணினி வந்த கதையாகவே இந்த அறிக்கையின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு: சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரம் சிறிது சிறிதாக முன்னதாகி, கரையிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து அனுப்புகிறவர் சரக்கைக் கட்டும் இடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்க அலுவலர்கள் கரையில் குவிந்த பொதிகளுக்குப் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அங்கே சரக்கு முதலில் வந்தது, கணக்கு அதன் பிறகு வந்தது. 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் தொடங்கியது: அதன் 30ஆம் பிரிவு, கப்பல் வந்த 24 மணி நேரத்துக்குள் மேனிஃபெஸ்ட் தந்தால் போதும் என்றது. மூட்டையும் பேழையுமாகச் சரக்கு வந்த காலத்தில் அது போதுமானதாகவே இருந்தது. ஐயம் வந்தால் பிரித்துப் பார்த்துவிடலாம். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. மூடி முத்திரையிட்ட இரும்புப் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் திறந்து பார்ப்பது எந்த அலுவலருக்கும் இயலாத காரியம். கண்ணுக்குப் பதிலாகத் தாளை நம்பும்படி ஆனது. அப்போதே அந்தத் தாள் உண்மையாகவும் முன்கூட்டியும் இருக்க வேண்டிய கட்டாயம் பிறந்துவிட்டது. கணினி வந்தது அதற்குப் பிறகு.

சிங்கப்பூர் 1989இல் டிரேட்நெட்டைத் தொடங்கி, பல அலுவலகங்களுக்குப் போக வேண்டிய ஆவணங்களை ஒரே மின்வழியில் சேர்த்தது. இந்தியச் சுங்கத்தின் ஐசிஇஎஸ் என்ற கணினி அமைப்பு 1995இல் டெல்லியில் சோதனையாகத் தொடங்கி, பிறகு மற்றச் சுங்க நிலையங்களுக்குப் பரவியது. ஐஸ்கேட் இணையவாயில் அதன் வெளிவாசலானது. 2005இல் வந்த இடர் மேலாண்மை முறைதான் என் கணிப்பில் உண்மையான திருப்பம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே மாதிரி சோதிப்பதை விட்டு, ஐயத்துக்குரியதை மட்டும் பிரித்தெடுப்பது அதன் நோக்கம். அப்படிப் பிரிக்க விவரம் முன்பே கையில் இருக்க வேண்டும்.

விவரம் தர வேண்டிய நேரத்தை ஒரேயடியாக முன்னதாக்கியது அமெரிக்கா. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் அறிவித்த 24 மணி நேர விதியை அந்நாடு 2003 பிப்ரவரியிலிருந்து கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியது. அதன்படி அமெரிக்கா செல்லும் கப்பலில் கொள்கலனை ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே விவரம் போய்ச் சேர வேண்டும். ‘பொதுச் சரக்கு’, ‘பலவகைப் பொருள்’ என்று பட்டும் படாமலும் எழுதினால் ஏற்க மாட்டார்கள்; பொருளைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், அல்லது ஆறிலக்கச் சுங்க எண் தர வேண்டும். விமானச் சரக்குக்கு, தொலைவிலிருந்து வருவதானால், தரையிறங்குவதற்கு 4 மணி நேரம் முன்பு என்றிருந்தது. 2010 அக்டோபரில் ஏமனிலிருந்து அனுப்பிய அச்சுப்பொறிகளின் மைப்பெட்டிகளுக்குள் வெடிகுண்டுகள் கிடைத்தபோது, பறந்துகொண்டிருக்கும் விமானத்தைப் பற்றி அறிந்து பயனில்லை என்பது விளங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஏற்றுமுன் விவரத் திட்டம் 2018 ஜூனில் கட்டாயமானது. அனுப்புநர், பெறுநர், எண்ணிக்கை, எடை, பொருள் போன்ற சில விவரங்களே அப்போது அதற்குப் போதுமாக இருந்தன. ஆனால் அவை விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பே வர வேண்டும்.

இந்தியாவும் அந்தத் திசையில்தான் நகர்ந்தது. 2018 மே மாதம் அறிவித்த கடல் சரக்கு மேனிஃபெஸ்ட், மாற்றுக் கப்பலேற்ற விதிமுறைகள் 1971, 1976ஆம் ஆண்டுகளின் விதிகளுக்கு மாற்றாக வந்தன. கப்பல் கடைசி வெளிநாட்டுத் துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் வருகை மேனிஃபெஸ்ட் வேண்டும் என்றன. 2021இல் பில் ஆஃப் என்ட்ரியும் சரக்கு வருவதற்கு முந்தைய நாளுக்குள் என்றானது. இலங்கை போன்ற அண்டை நாடுகளிலிருந்து கடல்வழி வருவதற்கு மட்டும் வந்த நாள் முடிய அவகாசம். இதன் கனத்தைப் பட்டு வணிகம் நன்றாக உணரும். கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 2011 பட்ஜெட்டில் 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது, 2013இல் 15 ஆக ஏறியது, இடையில் 10க்கு இறங்கி, 2021இல் மறுபடி 15 ஆனது. பில் ஆஃப் என்ட்ரியை முன்கூட்டித் தந்திருந்தாலும், கப்பலுக்கு உள்வருகை அனுமதி கிடைத்த நாளின் வரிவிகிதமே சட்டப்படி செல்லும். மேனிஃபெஸ்ட் தராத கப்பலுக்கு அந்த அனுமதி வழக்கமாகக் கிடைக்காது. கப்பல் ஏஜென்ட் ஒருவர் அனுப்பும் கோப்பு பாவு நூலின் விலை வரை நீள்வது இப்படித்தான்.

சிறு வணிகருக்கு இந்த முன்னறிக்கை சுமை என்ற மறுப்பு நியாயமானது. சட்டப்படி பொறுப்பு கப்பல், விமான நிறுவனங்களுக்குத்தான். தாமதத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதமும் அவற்றுக்குத்தான். ஆனால் திருத்தக் கட்டணமும் துறைமுக வாடகையும் கடைசியில் சரக்குக்கு உரியவர் தலையில் இறங்குகின்றன. 2018 விதிமுறைகள் 2019 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பின்னும் பழைய வடிவமும் பல முறை நீட்டிக்கப்பட்டதே ஏற்பாடு போதாததற்குச் சான்று. இதற்காக முன்னறிக்கையையே கைவிடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். விவரம் முன்பே போனால், ஐயமற்ற பெட்டி துறைமுகத்தில் கிடக்காமல் வெளியேறும். நாள் வாடகையைத் தாங்க முடியாத சிறியவருக்கே அதில் ஆதாயம் கூடுதல்.

சொன்னது பொய்யானால், அல்லது மெய்யைச் சொல்லியும் யாரும் செயல்படாவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி இன்னும் கடுமையானது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலப் பெட்டி கசிவது கப்பலுக்கு முன்பே தெரியும். கத்தாரின் ஹமத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்க இடம் கிடைக்கவில்லை என்று நிறுவனம் கூறியது. இலங்கையின் மேற்குக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் குவிந்தன, மீனவர் தொழில் முடங்கியது. அறிக்கை மட்டும் எதையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் விவரமே இல்லாதிருந்தால் எங்கே தவறு நேர்ந்தது என்று கேட்பதற்குக்கூட வழியிருந்திருக்காது.

பொய்க்கு மருந்து, விவரம் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. சிறு ஏற்றுமதியாளரின் சேலைகள் தனிக் கொள்கலனில் போவதில்லை. பலரின் சரக்கைத் திரட்டி அனுப்பும் ஃபார்வர்டர் ஒருவரின் பெட்டியில் பல ஊர்ச் சரக்கோடு சேர்கின்றன. கப்பல் நிறுவனம் தரும் சரக்கேற்றச் சீட்டான பில் ஆஃப் லேடிங் முழுப் பெட்டியை மட்டும் காட்டும். உள்ளிருக்கும் ஒவ்வொருவர் சரக்கையும் ஃபார்வர்டரின் பில்தான் காட்டும். பழைய முறையில் இந்த இரண்டாம் அடுக்கு மங்கலாக இருந்தது. புதிய விதிகள் அதையும் கேட்கின்றன. ஆகவே 5007 என்ற சுங்க எண் தலைப்பின் கீழ் வரும் பட்டுத்துணியைப் ‘பட்டுச் சேலை’ என்று தெளிவாக எழுதி, நிகர எடையையும் மொத்த எடையையும் பிரித்துக் காட்டி, கட்டு எண்ணிக்கை பிசகாமல் கொடுப்பது ஆரணியில் சரக்கைக் கட்டும்போதே முடிய வேண்டிய வேலை. அதற்கான பயிற்சியைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சிறு வணிகருக்கும் அவர்கள் ஊரிலேயே, தமிழில் தர வேண்டியது அரசின் கடமை.