புரத மாறுபாடுகளின் கணினிவழி ஆய்வு

புரதத்தில் ஓர் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்தால் அது நோய் தருமா என்பதைக் கணினி நிரல்களால் கணிக்கும் துறை. மனிதப் புரதங்களில், டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறுவதால் மட்டும் வரக்கூடிய இத்தகைய மாற்றங்கள் ஏறத்தாழ 7.1 கோடி. அத்தனையையும் ஆய்வகத்தில் சோதித்து முடிக்க வழியில்லை.

பாலீன் இங், ஸ்டீவன் ஹெனிகாஃப் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ‘சிஃப்ட்’ நிரல் பரிணாமத்தைச் சாட்சிக்கு அழைத்தது. மீன், கோழி, மனிதன் எனப் பல உயிர்களின் ஒத்த புரதங்களை வரிசைப்படுத்தி, எங்கும் மாறாத இடத்தில் மாற்றம் வந்தால் கேடு என்று அது ஊகிக்கிறது. 2010-இல் வந்த ‘பாலிஃபென்-2’ புரத வடிவத்தையும் கணக்கில் சேர்த்தது.

வடிவ ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்று சென்னையில் இடப்பட்டது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வரையறுத்தனர். புதிய புரத வடிவங்களைச் சரிபார்க்க இன்றும், இக்கோணங்களைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடமே உரைகல். 2022-இல் ‘ஆல்ஃபாஃபோல்டு’ நிரல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவக் கணிப்புகளைப் பொதுவில் வைத்தது. அதன் வழிவந்த ‘ஆல்ஃபாமிசென்ஸ்’ (2023) மேற்சொன்ன 7.1 கோடியில் 57 விழுக்காட்டைத் தீங்கற்றவையாகவும் 32 விழுக்காட்டை நோய் தரக்கூடியவையாகவும் வகைப்படுத்தியது. எஞ்சியவற்றை முடிவு சொல்லாமல் விட்டது.

ஆனால், வடிவம் தெரிந்தால் விளைவும் தெரிந்துவிடும் என்று கொள்வது தவறு. அரிவாள் செல் சோகையே தக்க சான்று. ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் வாலினாக மாறுவதே இந்நோயின் மூலம். இதனால் தனி மூலக்கூறின் மடிப்பு பெரிதாகக் குலைவதில்லை. ஆக்சிஜனை இழந்த நிலையில், அந்த வாலின் அடுத்த மூலக்கூறின் நீர்விலக்கும் குழிவில் பொருந்திக்கொள்கிறது. மூலக்கூறுகள் கோத்து நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை வளைத்துவிடுகின்றன. தனிப் புரதத்தின் நிலைத்தன்மையை மட்டும் அளக்கும் நிரலுக்கு இந்தச் சேர்க்கை புலப்படாது. மேலும், பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மாற்றத்தைப் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. ‘கேடு’ என்ற ஒற்றை மதிப்பெண்ணில் இவ்வளவும் அடங்காது.

எனவேதான் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் 2015 நெறிமுறை, கணினிக் கணிப்பைத் துணைச்சான்றாக மட்டும் ஏற்றது. குடும்பத்தில் நோய் தொடரும் விதம், ஆய்வகச் சோதனை, மக்களிடையே அம்மாற்றத்தின் பரவல் ஆகியவையும் சேர்த்தே எடைபோடப்படுகின்றன. பரவலைக் காட்டும் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. ஆகவே தெற்காசியரிடம் இயல்பாகக் காணப்படும் மாற்றம்கூட அவற்றில் அரிதாகத் தோன்றி, வீண் ஐயத்துக்கு உள்ளாகலாம்.