மலையூர்க் கடிகாரத்தின் கதை

பேராதனையைச் சூழ்ந்த குன்றுகளில் ஆண்டு முழுவதும் தேயிலைக் கொழுந்து துளிர்க்கின்றது. உழைக்கும் கைகளுக்கு ஓய்வில்லை. சுவிட்சர்லாந்து தேசத்து யூரா மலைகளிலோ மாரிக்காலத்தில் மேய்ச்சல் நிலமெல்லாம் பனியில் மூழ்கிவிடும். அம்மாதங்களில் அங்குள்ள குடியானவர் பலர் சாளரத்தருகே அமர்ந்து, கடிகாரப் பற்சில்லுகளை அராவிப் பிழைத்தனர். வறியோர் கையில் வளர்ந்த அத்தொழிலே பின்னர்ச் செல்வர் விரும்பும் ஆடம்பரப் பொருளை உலகுக்கு அளித்தது.

அம்மலைகளில் லெ லொக்கிள் என்பது ஓர் ஊர். 1737ஆம் ஆண்டிலே ஆபிரகாம் ஃபேவர் என்பார் அங்கே கடிகாரத் தொழிலைத் தொடங்கினார். 1815இல் அவர் வழிவந்தோருடன் ஒகுஸ்த் லூபா என்னும் வணிகர் கூட்டுச் சேர்ந்தார். 'ஃபேவர்-லூபா' என்ற பெயர் அவ்வாறு பிறந்தது. 1865இல் ஃபிரிட்ஸ் ஃபேவர் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தார். பம்பாய் நகரில் அந்நிறுவனத்தின் வணிகம் வேரூன்றிற்று. தந்தை கட்டிய கைக்கடிகாரத்தை மகன் போற்றி அணியும் அளவுக்கு அப்பெயர் இந்தியக் குடும்பங்களில் நிலைபெற்றது.

நிறுவனத்தாரின் திறமையும் குன்றவில்லை. 1962இல் வெளிவந்த 'பிவுவாக்' கைக்கடிகாரம் காற்றழுத்தத்தை அளந்து, மலையேறுவோருக்கு உயரத்தையும் காட்டிற்று.

ஆயினும் மாற்றம் அண்மையிலேயே காத்திருந்தது. மின்னோட்டத்தால் அதிரும் குவார்ட்ஸ் பளிங்கைக் கொண்டு காலத்தை அளக்கும் கைக்கடிகாரத்தின் முன்மாதிரி 1967இல் உருவாயிற்று. உருவான இடம் எது? லெ லொக்கிள் அடங்கிய அதே நியூஷத்தேல் மாநிலமே! ஆனால், சுருள்வில்லின் பெருமையில் திளைத்த சுவிஸ் தொழிலதிபர்கள் விரைந்து செயற்படவில்லை. 1969 டிசெம்பரில் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலையளித்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 30,000 பேருக்கே இடமளித்தது. ஃபேவர்-லூபாவும் நிறுவிய குடும்பத்தின் கையை விட்டு நீங்கிற்று.

அக்காலத்திலேதான், 1984இல், டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஓசூரில் எழுந்த அதன் தொழிற்சாலை குவார்ட்ஸ் கடிகாரங்களை நம்பியே வளர்ந்தது. 2011இல் அந்த டைட்டனே ஃபேவர்-லூபாவை விலைக்கு வாங்கிற்று. ஒரு காலத்தில் வாங்குவோராக மட்டும் இருந்த நாடு உரிமையாளர் ஆயிற்று! பின்னர் அப்பெயர் ஈதோஸ் என்னும் மற்றோர் இந்திய நிறுவனத்தின் உரிமையாகி, 2024இல் ஜெனீவாவில் மீண்டும் அரங்கேறியது.

பிறர்க்கு நேரம் காட்டியவர் தம் காலத்தின் மாற்றத்தைக் காணத் தவறினர். தன் தோட்டத்தில் முளைத்த விதையைத் தானே பேணாதவன், அயலான் தோட்டத்தில் அது கனியாவதைக் காண்பான். கைத்திறன் மிக்க எந்தத் தேசத்துக்கும் இவ்வரலாறு நல்லதோர் எச்சரிக்கையாகும்.