காரின் விளக்கும் ஓம் விதியும்

தொடக்க கால மோட்டார் வண்டிகள் குதிரை வண்டியிடமிருந்து பல பொருள்களைக் கடன் வாங்கின. மண்ணெண்ணெய் விளக்கும் அவற்றுள் ஒன்று. வண்டி வருவதைப் பிறருக்கு அறிவிக்க அது போதும். பாதையைக் காட்டப் போதாது. குதிரை இருட்டிலும் ஓரளவு வழி அறியும். என்ஜின் அறியாதன்றோ!

அடுத்து அசெட்டிலீன் விளக்கு வந்தது. கால்சியம் கார்பைடு கட்டிகளின்மேல் நீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு வெளிப்பட்டு, வெண்மையான சுடருடன் எரியும். ஒளியில் குறை சொல்ல இயலாது. ஆனால் ஓட்டுநர் இறங்கிச் சென்று, கண்ணாடி மூடியைத் திறந்து தீக்குச்சி கிழிக்க வேண்டும். பிறகு கலத்தில் தங்கிய சுண்ணாம்புச் சேற்றையும் கழுவ வேண்டும். குளிர் நாடுகளில் சொட்ட வேண்டிய நீரே உறைந்துவிடும்.

எடிசன் 1879-இலேயே மின்விளக்கை எரித்துக் காட்டிவிட்டாரே, பிறகு ஏன் இந்தத் தாமதம்? கரி இழை சாலையின் குலுக்கலைத் தாங்கவில்லை. பேட்டரியை ஓடும் வண்டியிலேயே மின்னேற்ற நம்பகமான ஏற்பாடும் இல்லை. எளிதில் நொறுங்கும் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையை 1910-ஆம் ஆண்டளவில் கூலிட்ஜ் கண்டறிந்ததும் முதல் தடை நீங்கியது. இரண்டாவதை நீக்கியவர்களுள் கெட்டரிங் முக்கியமானவர். அவர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காருக்கு அமைத்த ஒரே எந்திரம் என்ஜினைத் துவக்கியது. என்ஜின் ஓடத் தொடங்கியபின் டைனமோவாக மாறிப் பேட்டரியை மின்னேற்றியது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1913-இல் விளக்கு, டைனமோ, பேட்டரி, மின்னழுத்தச் சீராக்கி நான்கையும் ஒரே தொகுதியாக விற்கத் தொடங்கியது.

இந்தச் சீராக்கியின் அருமையை அறிய, ஃபோர்டின் ‘மாடல் டி’ காரைப் பார்க்க வேண்டும். 1915-இல் அதற்கு மின் முகப்பு விளக்குகள் வந்தன, பேட்டரி வரவில்லை. என்ஜினின் சுழல் சக்கரத்தில் பொருத்திய 16 காந்தங்கள் கம்பிச் சுருள்களின் முன் சுழன்று தந்த மின்சாரம் நேரே விளக்குக்குச் சென்றது. ஃபாரடே விதியை நினைவுகூருங்கள்: காந்தம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ, அவ்வளவு மின்னழுத்தம். ஆகவே வண்டி மெதுவாகச் செல்லும்போது விளக்கு மங்கும். இருட்டில், மேடுபள்ளமான பாதையில் மெதுவாகச் செல்லும்போதுதானே ஒளி தேவை! வேகம் மிகுந்தால் பல்பே கருகிவிடும். இரு விளக்குகளையும் தொடராக இணைத்திருந்ததால், ஒன்று போனால் மற்றதும் அணையும். மலிவுக்கு ஓட்டுநர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

பேட்டரியும் டைனமோவும் பரவலானபின் 6 வோல்ட் பல நாடுகளில் வழக்கமாயிற்று. செம்பை மிச்சப்படுத்த, விளக்குக்கு ஒரே கம்பியை இழுத்து, மின்னோட்டம் திரும்பி வர வண்டியின் இரும்புச் சட்டத்தையே பாதையாக்கினர். பட்டறைகளில் ‘எர்த்’ எனப்படுவது இதுதான். பூமிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் திருகு தளர்ந்தாலும் அதனடியில் துரு பிடித்தாலும் அங்கே மின்தடை முளைக்கிறது.

வகுப்பில் ஓம் விதி நடத்தும்போது நான் இந்தக் கணக்கைப் போடுவதுண்டு. விளக்குகளின் திறன் 60 வாட், துருவின் தடை வெறும் 0.1 ஓம் என்போம். 6 வோல்ட்டில் ஓட்டம் 10 ஆம்பியர். துருவில் 1 வோல்ட் இழப்பாகி, விளக்குக்கு 5 வோல்ட்டே எஞ்சும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 அடுக்குப்படி மாறுவதால், ஒளி பாதியளவாகக் குறையும்! 12 வோல்ட்டில் அதே திறனுக்கு 5 ஆம்பியர் போதும். இழப்பு அரை வோல்ட். ஒளி ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குன்றும்.

அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில் 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முதல் காரணம் விளக்கன்று. உயர் அழுத்த விகிதமுள்ள பெரிய என்ஜின்களைத் துவக்கவும் பற்றவைக்கவும் 6 வோல்ட் திணறியது. விளக்குக்குக் கிடைத்தது உபரி ஆதாயம். 1960-களில் சிலிக்கான் டயோடுகளுடன் ஆல்டர்னேட்டர் பரவி, என்ஜின் மெதுவாக ஓடும்போதும் போதிய மின்சாரம் தந்தது.

எர்த் மட்டும் மாறவில்லை. விளக்கு மங்கினால் உடனே புதுப் பல்பு வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. எதிர்முனை எர்த் உள்ள வண்டியில் விளக்கை எரியவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதைப் பல்பு ஹோல்டரின் எர்த் முனையிலும் வையுங்கள். சுழியை ஒட்டிக் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் திரும்பும் பாதையில்தான் கோளாறு. திருகைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்க வேண்டும்.

இழை விளக்குள்ள வண்டியில் மீட்டர் இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கச் சில வேளை வழியுண்டு. இண்டிகேட்டரைப் போட்டதும் அப்பக்கத்துப் பின்விளக்கும் மங்கலாகச் சேர்ந்து கண்சிமிட்டுகிறதா? இரண்டுக்கும் பொதுவான எர்த் அறுந்திருக்கிறது. மின்னோட்டம் பின்விளக்கின் இழை வழியே புகுந்து, மறுபக்க விளக்கின் எர்த்தைத் தேடிச் சுற்றிக்கொண்டு போகிறது.