பீரோவிலிருந்து பீரோவுக்கு

சிதம்பரத்தில் பூட்டிய வீட்டில் திருட்டு என்று வைத்துக்கொள்வோம். மோப்ப நாய் தெருமுனை வரை ஓடி நின்றுவிடும். அப்புறம் கடலூரிலிருந்து வந்த விரல்ரேகை நிபுணர் பீரோ கதவில் பொடி தூவி, பூப்போன்ற தூரிகையால் தடவுவார். வியர்வை விட்டுச் சென்ற அரைகுறைக் கோடுகள் மெல்ல எழும். படமெடுத்து, ஒட்டுநாடாவில் பெயர்த்ததும் ரேகை கடலூருக்குக் கிளம்பும். பீரோவில் பிறந்து பீரோவுக்கே போகிறது; விரல்ரேகைக் கூடத்தையும் போலீஸ்காரர்கள் 'பீரோ' என்றுதானே சொல்கிறார்கள்!

அந்தக் காலத்து பீரோ நிஜமாகவே அலமாரிதான். 1897-ல் கல்கத்தாவில் தொடங்கிய கூடத்துக்காக அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் பாடுபட்டு உருவாக்கிய முறையில், எந்தெந்த விரலில் சுழி என்று கணக்கிட்டு மனிதர்களை 1024 பிரிவுகளில் அடுக்கினார்கள். பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போனது. முறையில் ஓர் ஓட்டை: பத்து விரலும் வேண்டும். எந்தத் திருடன் பத்தையும் பதித்துவிட்டுப் போகிறான்? ஒற்றை ரேகையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் உள்ளூர்ப் பழைய கேடிகளோடுதான் ஒப்பிட முடிந்தது. வெளியூர்க்காரன் தப்பினான்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1992-ல் மத்திய விரல்ரேகைக் கூடம் கணினிக்கு வந்தது. 2022-ல் நாடு முழுவதற்குமான 'நாஃபிஸ்' என்ற ரேகைத் தேடல் கணினி அமைப்பு. பிடிபட்டு ரேகை பதிந்தவர்களுக்குப் பத்து இலக்க எண் ஒன்று கிடைக்கிறது.

ஆனால் கணினி 'இவன்தான்' என்று சொல்வதில்லை. 'இவர்களில் பாருங்கள்' என்று ஒரு பட்டியல் நீட்டும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் சிக்கிய ஒரு ரேகைக்கு எஃப்.பி.ஐ.யின் கணினி இருபது பேரைக் காட்டியது. நாலாவது ஆள் பிராண்டன் மேஃபீல்டு, அமெரிக்க வழக்கறிஞர். அவரேதான் என்று நிபுணர்கள் சாதித்தார்கள். இரண்டு வாரம் காவலில் இருந்தார். ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று காட்டியது ஸ்பெயின் போலீஸ். தப்பு மனிதக் கண்ணுடையது, சரி. அச்சு அசலாய் ஒரு சாயலைத் தேடிப்பிடித்து அந்தக் கண்முன் வைத்தது எது? களஞ்சியம் பெருகப் பெருக சாயல்களும் பெருகும்.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு கதை உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரலை ஓட்டின் எண்ணெய் அரித்துவிடுகிறது. ரேகையே தேய்ந்த கையை எந்தக் கணினி படிக்கும்?

வழக்கு நடந்தால் ரேகை சிதம்பரம் நீதிமன்றத்துக்கே திரும்பும். சட்டம் கேட்பது நிபுணரின் கருத்தை. ஆகவே சாட்சிக் கூண்டில் அவர்தான் ஏற வேண்டும். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்பார்: "கம்ப்யூட்டர் காட்டுனதுக்கு அப்புறம் பார்த்தீங்களா, அதுக்கு முன்னாடியே பார்த்தீங்களா?"