உலோக நனோ துணிக்கைத் திரள்கள்

திரவமொன்றில் மிதக்கும் தங்கம், வெள்ளி, பலேடியம் போன்ற உலோகங்களின் நனோ துணிக்கைகள், உருகி ஒன்றாகிவிடாமல் தத்தம் உருவோடு நெருங்கிக் கூட்டமாக இணைந்து நிற்பதை உலோக நனோ துணிக்கைத் திரள் என்கிறோம். ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்துணிக்கைகளின் விட்டம் பொதுவாக 1 முதல் 100 நனோமீற்றர் வரை இருக்கும். தனித்து நிற்கையில் துணிக்கைக்கு இல்லாத நிறமும் ஒளிப்பண்பும் அது திரளும்போது வந்து சேர்கின்றன. இத்துறையின் வரலாறு ஏறத்தாழ முழுவதும் உப்போடு நடத்திய போராட்டம் என்றே சொல்லலாம்.

தங்கத்தில்தான் இது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஐதான தங்கக் குளோரைட்டுக் கரைசலைக் கொதிக்கவைத்து, அதில் சோடியம் சிற்றேற்றைச் சேர்த்தால், வெளிர்மஞ்சள் மறைந்து கரைசல் நிறமற்றுப் போகும். பிறகு சாம்பல் நீலம் பரவும். அது கருஊதாவாகி, சில நிமிடங்களில் மாதுளைச் சாற்றின் சிவப்பில் வந்து நிற்கும். ஜோன் தேர்கெவிச்சும் உடன் உழைத்தோரும் 1951இல் ஒழுங்குபடுத்திய இந்த முறையே இன்றும் ஆய்வுகூடங்களில் முதற்பாடம். 100 மில்லிலீற்றர் கரைசலுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் தங்கம் போதும். இப்படிக் கிடைக்கும் துணிக்கைகளின் இலத்திரன்கள் ஒளிபட்டதும் கூட்டாக அலைகின்றன. 520 நனோமீற்றரை அண்டிய பச்சை ஒளி உறிஞ்சப்படுவதால் எஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. துணிக்கைகள் தம் விட்டத்தை விடக் குறைந்த தூரத்துக்குள் நெருங்கிவிட்டால், ஒன்றின் அலைவு மற்றதைப் பற்றிக்கொள்கிறது. உறிஞ்சல் நீண்ட அலைநீளங்களுக்கு நகர்கிறது, கரைசல் ஊதாவாகி நீலமாகிறது. இலங்கையின் கிழக்கே சாய்ந்தமருதுக் கடற்கரையில் அள்ளிய உப்புநீரைச் சம அளவில் ஊற்றினாலே போதும், இந்த மாற்றம் கண்முன் நடந்து முடியும்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கல் பரடே. இலண்டன் றோயல் சங்கத்தில் 1857ஆம் ஆண்டு அவர் நிகழ்த்திய விரிவுரையில், சிவந்த தங்கக் கூழில், அதாவது தங்கத் துணிக்கைகள் மிதக்கும் திரவத்தில், உப்பைச் சேர்த்தால் அது நீலமாவதைக் காட்டினார். புதிய சேர்வை எதுவும் உண்டாகவில்லை, மிக நுண்ணிய தங்கத்தின் நிலைதான் மாறியிருக்கிறது என்று அவர் கண்டார். துணிக்கையைக் காணும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், ஒளியை மட்டும் வைத்து எட்டிய முடிவு அது. இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய இடம் இதுதான். அவர் தயாரித்த கூழ்களுட் சில இன்றும் றோயல் நிறுவனத்தில் நிறம் மங்காமல் இருக்கின்றன.

உப்பு ஏன் துணிக்கைகளைத் திரளச் செய்கிறது என்ற கேள்விக்கு விடை மெதுவாகவே வந்தது. அயனின் ஏற்றம் கூடக்கூட அதன் திரளச்செய்யும் வலு பன்மடங்கு பெருகும் என்பதை 1882இல் சூல்ட்சேயும் 1900இல் ஹார்டியும் எடுத்துக்காட்டினர். கலங்கிய நீரைத் தெளியவைக்கச் சிறிதளவு படிகாரமே போதுமாக இருப்பது இதனால்தான். அதிலுள்ள அலுமினியம் மூன்று நேரேற்றம் கொண்டது. அடுத்து வந்த ரிச்சர்ட் சிக்மொண்டி, உப்பிலிருந்து தங்கத்தைக் காக்கும் பொருள்களை அளக்க ஒரு முறை வகுத்தார். 10 மில்லிலீற்றர் தங்கக் கூழில் 1 மில்லிலீற்றர் பத்து வீத உப்புக் கரைசலைச் சேர்க்கும்போது, நிறம் மாறாமல் தடுக்க எத்தனை மில்லிகிராம் காப்புப்பொருள் வேண்டும் என்பதே அந்த அளவு. அதற்குப் பொன்னெண் என்று பெயர். ஜெலற்றின் மிகக் குறைந்த அளவிலேயே காக்கும். மாப்பொருள் அவ்வளவு காக்காது. சிக்மொண்டிக்கு 1925ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

துணிக்கைகளின் மேற்பரப்பு ஏற்றம் ஒன்றையொன்று தள்ளுகிறது. வந்தர்வாலிசு விசை இழுக்கிறது. உப்பு அந்தத் தள்ளுகையை மறைத்துவிட, இழுவை வெல்கிறது. இக்கணக்கை ரஷ்யாவில் தெர்யாகினும் லந்தாவும் 1941இலும், நெதர்லாந்தில் வேர்வேயும் ஓவர்பீக்கும் 1948இலும் எழுதி முடித்தனர். அப்படித் திரண்ட தங்கத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்த வைட்ஸும் ஒலிவேரியாவும், அது கிளைவிட்டுப் படரும் பகுவல் (fractal) வடிவம் கொண்டது என்றும் அதன் பரிமாணம் ஏறத்தாழ 1.75 என்றும் 1984இல் அறிவித்தனர்.

அதுவரை திரளல் என்றால் கூழ் கெட்டுப்போவது என்பதே பொருள். அதை விரும்பியபடி ஆக்கும் வித்தையாக்கிய ஆண்டு 1996. அமெரிக்காவில் சாட் மேர்கின் குழுவும் போல் அலிவிசாடோஸ் குழுவும் தங்கத் துணிக்கைகளில் டி.என்.ஏ. இழைகளைக் கட்டின. மேர்கின் குழுவின் 13 நனோமீற்றர் துணிக்கைகள், பொருந்தும் இழை கலந்தபோது மட்டும் திரண்டு நிறம் மாறின. சூடாக்க இழைகள் பிரிந்து மீண்டும் சிவந்தன. உப்பால் திரண்ட சிற்றேற்றுத் தங்கம் இப்படித் திரும்புவதில்லை. அலிவிசாடோஸ் குழு இரண்டு, மூன்று துணிக்கைகளை மட்டும் எண்ணிக் கோத்தது.

இந்தியாவின் பங்கு இவ்விடத்தில் கனமானது. பெங்களூர் ஜவகர்லால் நேரு உயராய்வு மையத்தில் பி. ஜோன் தோமஸ், ஜி. யு. குல்கர்ணி, சி. என். ஆர். ராவ் ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, திரளுக்குள் ஓர் ஒழுங்கைக் காட்டியது. ஒவ்வொன்றும் 561 அணுக்கள் கொண்ட, பல்பகுதியம் போர்த்திய பலேடியத் துணிக்கைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவை தாமாகவே கூடிப் பெருந்திரள்களாயின. அத்திரள்களில் இருந்த துணிக்கைகளின் தொகை 13, 55, 147, 309, 561 என்று வந்தது. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி 12, அடுத்த அடுக்கில் 42, அதற்கடுத்து 92 என்று ஓடுகள் நிரம்பும்போது கிடைக்கும் எண்கள் இவை. ஒரு துணிக்கைக்குள் அணுக்கள் அடுக்கப்படுகின்ற அதே முறையில் துணிக்கைகளும் அடுக்கப்படுகின்றன என்பது சாதாரணச் செய்தி அல்ல.

சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப்பின் ஆய்வு நீரை நோக்கிப் போனது. ஏ. ஸ்ரீகுமாரன் நாயர், ரென்ஜிஸ் தோம் ஆகியோருடன் 2003இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நீரில் கலந்த எண்டோசல்பான் என்ற பீடைநாசினியைத் தங்க, வெள்ளி நனோ துணிக்கைகளால் கண்டறிந்து அகற்றுவது பற்றியது. பீடைநாசினி துணிக்கையின் மேற்பரப்பில் ஒட்டுவதால் வரும் நிற மாற்றமே அங்கு அறிகுறி. இந்தியாவில் போத்தல் நீரிலும் மென்பானங்களிலும் பீடைநாசினி எச்சம் இருப்பதாக எழுந்த சர்ச்சையும் அதே ஆண்டில்தான். இவ்வழியில் உருவான வடிகட்டி 2007இல் சந்தைக்கு வந்தது. பிரதீப்புக்கு 2020இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இலங்கை எண்டோசல்பானை 1998இலேயே தடைசெய்துவிட்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தடை 2011இல் வந்தது. பிரதீப்பின் குழு அணுக்கொத்துகளிலும் உழைத்தது. 25 தங்க அணுக் கொத்தையும் 44 வெள்ளி அணுக் கொத்தையும் ஒரே கரைசலில் கலந்தால் அவை தம்முள் அணுக்களை மாற்றிக்கொள்கின்றன என்பதை 2016இல் அக்குழு காட்டியது.

திரளின் இன்னொரு பயன் திருச்சியில் பிறந்த சி. வி. ராமனின் பெயரோடு இணைந்தது. அவர் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் மிக மங்கலானது. இரண்டு வெள்ளித் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் அகப்பட்ட மூலக்கூறிலிருந்து அதே சிதறல் பன்மடங்கு பலத்துடன் வருகிறது. வெள்ளிக் கூழைக் கொண்டு ஒற்றை மூலக்கூறையே கண்டறிந்ததாக 1997இல் இரு குழுக்கள் அறிவித்தன.

நிறம் மாறும் தங்கக் கூழைக் கொண்டு இரசம், ஈயம், பீடைநாசினி ஆகியவற்றைச் சோதிக்கும் முறைகள் இன்று ஏராளம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளில் வயலுக்கும் கடலுக்கும் நடுவே மணலில் தோண்டிய வீட்டுக் கிணறுகளுக்கு இத்தகைய மலிவான சோதனை பெரிதும் வேண்டியதே. ஆனால், கடலை அண்டிய கிணற்றில் உவர் ஏறும். 2004 சுனாமியின் பின் அதை இப்பகுதி மக்கள் நன்றாகவே அறிந்தனர். சிற்றேற்று மட்டும் போர்த்திய தங்கம் நஞ்சுக்கும் நீலமாகும், உவருக்கும் நீலமாகும். ஆகவே உப்பைத் தாங்கும் காப்புப் போர்த்திய துணிக்கைகளைப் பயன்படுத்தி, நஞ்சு கலவாத, அதே அளவு உவருள்ள நீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல், நிறத்தை மட்டும் பார்த்து இக்கரையோரத்தில் எந்தக் கிணற்றுக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.